உத்திரத்துக்குக் கொடுத்த முட்டு

நெருங்கி உட்காருங்கள். இது நம் பரந்தாமனுடைய பெரியம்மா கோவிந்தம்மாளுக்கு நடந்தது.

யுத்த காலம். நாற்பத்து நாலு, சித்திரை மாதம். நேரம், உச்சி வேளை. கனகம்மாசத்திரம் போகும் சாலையில் ஒரு காக்கை கூட இல்லை... திருத்தணியைத் தாண்டி ஒரு மைலில் தனியாக ஒரு வீடு. ஆறுமுகம் என்கிற நூல் வியாபாரியுடையது. வீட்டுக்கு அடியில் நிலவறை. நூல் சிப்பங்களை அங்கேதான் அடுக்குவார். அதன் உத்திரம் நடுவில் வெடித்துவிட்டது.

முட்டுக் கொடுக்க வந்தவர் கொத்தனார் கஜபதி. கூடச் சித்தாள், அவர் பெண்சாதி கோவிந்தம்மாள். சவுக்குக் கழியைக் கோடாலியால் அளவாக வெட்டி, உத்திரத்தைத் தற்காலிகமாகத் தாங்கி நிறுத்தினார்கள். கீழே மூன்றடிப் பள்ளம். அதில் ஒரு தண்டவாளத் துண்டை நட்டு, சுற்றிலும் காங்கிரீட் போட வேண்டும்.

பள்ளம் தோண்டும்போது, மூன்றாவது அடி ஆழத்தில் கடப்பாரை மெத்தென்று இறங்கியது. இழுத்தால்... முனையில் மயிர். முழ நீளம், கறுப்பு. சீயக்காய் வாசனை. அப்போதுதான் தலை முழுகியது போல ஈரம்.

"வேணாம் பாவா. மூடிட்டு வேற எடத்துல தோண்டலாம்," என்றாள் புருஷனிடம்.

"வெடிச்ச எடத்துலதான் முட்டு நிக்கும். நீ கலவையக் கொட்டு."

மயிரை உருவிப் பள்ளத்திலேயே போட்டுவிட்டு, தண்டவாளத்தை நட்டார் கஜபதி. அவள் கொட்டினாள். இருபது சட்டி. காங்கிரீட் கெட்டிப்பட, உள்ளே இடது காலை வைத்து மிதித்தார்.

சளக்... சளக்... நின்றது.

"கோயிந்தா. கால உட மாட்டேங்குது."

"எது?"

அவர் முகம் சாம்பலாகிவிட்டது. அவள் அவர் அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். அவர் மேலே வரவில்லை. கணுக்காலில் இருந்த கலவை முழங்காலுக்கு வந்தது. கடப்பாரையால் ஓங்கிக் குத்தினாள். டங். தீப்பொறி. ஒரு நாள் கழித்து இறுக வேண்டிய சிமெண்ட், கருங்கல்லாக நின்றது. அந்தக் கல்லுக்குள் அவர் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தார்... விரற்கடை விரற்கடையாக.

"வெட்டுடி."

"மாட்டேன் பாவா."

"இடுப்பு போனா இன்னாத்த வெட்டுவ?"

கோடாலியை எடுத்தாள். முதல் வெட்டு எலும்பில் நின்றது. அவர் தண்டவாளத்தைக் கடித்தார். பல் உடைந்தது. இரண்டாவது வெட்டில் இரத்தம் அவள் வாய்க்குள் அடித்தது. மூன்றாவது... விட்டது. முந்தானையைக் கிழித்துத் தொடையை இறுக்கிக் கட்டி, படியில் இழுத்தே மேலே கொண்டு வந்தாள்.

ஆறுமுகத்தின் வண்டியில் அரக்கோணம் ஆஸ்பத்திரி. போலீசு அவளைப் பிடித்துக்கொண்டது. புருஷன் காலைக் கோடாலியால் வெட்டியவள் சொல்வதை யார் நம்புவார்கள்? எட்டாம் நாள் கஜபதிக்கு நினைவு வந்தது.

"நாந்தான் வெட்டச் சொன்னேன். அவள உட்டுடுங்க."

துண்டித்த காலை எடுக்க, மூன்று ஆட்கள் பகல் முழுக்க அந்தக் காங்கிரீட்டை உடைத்தார்கள். காலின் அச்சாக ஒரு பொந்து இருந்தது. கால் இல்லை. எலும்பு இல்லை, நகம் இல்லை. பாதம் இருந்த இடத்தில் பொந்து முடியவும் இல்லை... மண்ணுக்குள் இறங்கிப் போனது. கழியை விட்டுப் பார்த்தார்கள். எட்டவில்லை. ஆறுமுகம் நிலவறையை மண் கொட்டி நிரப்பிவிட்டார்.

ஆறேழு மாதம் போயிற்று. ஒரு காலையில் கஜபதி கூழ் குடித்துக்கொண்டிருந்தவர், கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"உள்ளங்கால யாரோ சொறியறாங்க."

"எந்தக் காலு?"

இல்லாத காலைக் காட்டினார். வெட்டுப்பட்டவர்களுக்கு அப்படித் தோன்றும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைச் சொல்லிச் சமாதானப்படுத்த வாயைத் திறந்தாள் கோவிந்தம்மாள்.

சர்... சர்... சர்...

நகம் தோலில் இழுபடுகிற சத்தம், அவளுக்கும் கேட்டது.