வீணைச் சேலையும் வாடகை நாற்காலியும்

நான் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை தவிர வேறு உடுத்துவதில்லை. பெண்களுக்கு விதவிதமாகத் துணி விற்கிறவன் இப்படி இருக்கிறானே என்று சிலர் கேட்பதுண்டு. அல்வாக் கடைக்காரன் தினமும் அல்வாவா தின்கிறான்?

எங்கள் தெரு வியாபாரிகள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ‘நான் முன்னேறிய கதை’ என்று இரண்டு பக்கம் வேண்டுமென்று செயலாளர் சுவாமிநாதன் ஆள் அனுப்பினார். வந்தவன், “நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்” என்றான். நான் ஒப்பவில்லை. நான் ஒன்று சொல்ல அவன் ஒன்று எழுதுவான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் எழுத்துக் கூட்டி எழுதிவிடுவேன். போன மலரில் என் படத்துக்குக் கீழே ஒரு பாத்திரக் கடைக்காரர் பெயரைப் போட்டிருந்தீர்கள். இன்றுவரை ஒருவரும் அதைக் கேட்கவில்லை, அந்தப் பாத்திரக் கடைக்காரர் உட்பட. மலரை யாரும் படிப்பதில்லை என்று தெரிந்துகொண்டேன். அந்தத் தைரியத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

என் பெயர் கருணாகரன். தென்காசிப் பக்கம். தி.நகரில் என் கடைக்கு ‘சண்முகவடிவு சில்க்ஸ்’ என்று பெயர். சண்முகவடிவு என் மனைவி. பெயர்தான் அவளுடையது, கடை என்னுடையது. ஜாக்கெட் துணி, தலையணை உறை என்று தொடங்கி மாடி மேல் மாடி கட்டினேன். எனக்கு வராத கூட்டம் ஒன்றுதான். மயிலாப்பூர் மாமிகள். அவர்கள் என் கடைக்கு வருவார்கள், படுக்கை விரிப்பு வாங்குவார்கள், போய்விடுவார்கள். சேலைக்கு வடக்கு மாட வீதிக்குப் போவார்கள்.

அங்கே சூடாமணி என்றொரு அம்மாள் வீட்டு முன்னறையில் சேலை விற்றுக்கொண்டிருந்தார். போர்டு கிடையாது. ஊதுவத்தி மணக்கும், காபி வரும். தொண்ணூற்று நாலு மார்கழிக்கு அவர் ஒரு சேலை கொண்டுவந்தார். வெந்தயக் கலர், அரக்குக் கட்டம், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு சின்ன வீணை. வருகிற ஒவ்வொருத்தியிடமும் குரலைத் தாழ்த்தி, “ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, உனக்குன்னு எடுத்து வெச்சேன்” என்பார். அந்த வருஷம் சபாக்களில் முதல் வரிசை முழுக்க அந்த ஒண்ணே ஒண்ணுதான் உட்கார்ந்திருந்தது.

நான் நேரில் போனேன். எனக்கு யார் மேலும் பொறாமை கிடையாது. வீணைச் சேலையை என் கடையிலும் வைக்கலாமே என்று முறையாகக் கேட்கத்தான் போனேன்.

“வாங்கோ அண்ணாச்சி, உக்காருங்கோ” என்றார். “உங்க கடைத் தலகாணி உறைதான் எங்காத்துல. வருஷக்கணக்கா கிழியவே மாட்டேங்கறது.”

விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார். சிரிப்பில் கெட்ட எண்ணம் இல்லை. அதனால்தான் நன்றாக நினைவிருக்கிறது.

“உங்க கடையில வெச்சா இது பொடவையா இருக்காது அண்ணாச்சி. சரக்காயிடும்.”

காபியைக் குடித்துவிட்டு வந்தேன். நல்ல காபி.

வியாபாரத்தில் ஒரு சேலையை ஒழிக்க வேண்டுமென்றால், மட்டமாகச் செய்து மலிவாக விற்பார்கள். அது அரைகுறை வேலை. மலிவுப் பதிப்பு வந்தால் அசலுக்கு மவுசு கூடும். அந்தக் கூட்டத்தைப் பல நாள் சபா கேண்டீன் வாசலில் நின்று பார்த்தேன். ஒரு மாமியின் சேலையை இன்னொரு மாமி கட்டினால் கோபம் வருவதில்லை, பேச்சு வருகிறது. வேலைக்காரி கட்டினால்கூட, “நான்தான் கொடுத்தேன்” என்று பெருமையடித்துக் கொள்கிறார்கள். அப்படியானால் யார் கட்டினால் தாங்க மாட்டார்கள் என்று யோசித்தேன். யாரும் கட்டக் கூடாது, எதுவாவது கட்ட வேண்டும் என்று விடை கிடைத்தது.

ஈரோட்டுப் பட்டறை ஒன்றில் மாதிரி கொடுத்தேன். அதே வெந்தயம், அதே அரக்கு, அதே வீணை. கெட்டித் துணியில் அடிக்கச் சொன்னேன். தைத்து வந்ததை மூட்டை கட்டி, பந்தல், நாற்காலி வாடகைக்கு விடும் தனபாலனைக் கூப்பிட்டேன்.

அவன் ஒன்றை உதறிப் பார்த்தான். “இன்னா அண்ணாச்சி, சேருக்கு வீணை போட்டு வச்சிக்கீறே. உக்காந்தா பாட்டு வருமா?”

“பழைய ஆர்டர். எடுக்காமப் போயிட்டான். எடத்த அடைக்கு. சும்மா எடுத்துக்கோ.”

“சும்மாவா? நீ ஒரு டீ கூட வாங்கிக் குட்த்ததில்லியே நைனா. அதான் ரோசனையா கீது.”

“வேண்டாம்னா வச்சிட்டுப் போ.”

“வாணாம்னு யாரு சொன்னா,” என்று மூட்டையைத் தோளில் ஏற்றினான். “ஆனா உள்ள ஏதோ மேட்டர் கீது. எனக்கு எதுக்கு.”

அவனிடம் நான் எதுவும் சொல்லவில்லை. எவனையும் நம்புவது என் பழக்கம் இல்லை. எந்தக் கல்யாணத்தில் முதலில் விரிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

அது சூடாமணியின் மகள் ஸ்ரீரஞ்சனியின் கல்யாணம். ஆவணி மாதம், மயிலாப்பூரில் ஒரு மண்டபம். நல்ல பந்தல்காரனாகப் பார்த்துச் சொல்லுங்கள் அண்ணாச்சி என்று அந்த அம்மாளே என்னிடம் கேட்டிருந்தார். நான் சொன்ன ஆள் தனபாலன். குறித்த நேரத்துக்கு வருவான், கொடுத்த வாக்கு மாற மாட்டான் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

மாலை வரவேற்பு. எல்லோரும் கீழே டிபன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தனபாலனின் ஆட்கள் மேலே நாற்காலிக்கும் சோபாவுக்கும் உறை மாட்டி முடித்தார்கள். சூடாமணி பெண்ணுக்கு அலங்காரம் நடக்கும் அறையில் இருந்தார். நான் குடும்பத்தோடு போயிருந்தேன். நுழைவாசலில் பன்னீர் தெளித்தார்கள், கல்கண்டு கொடுத்தார்கள், நடுவில் ஓரமாக இடம் பார்த்து உட்கார்ந்தேன். எல்லாம் தெரிகிற இடம்.

சூடாமணி தன் பக்கத்து அத்தை, சித்தி, மன்னி எல்லோருக்கும் வீணைச் சேலை எடுத்துக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளையின் தாயார், அடையாறு ஜானு மாமிக்கு மட்டும் அதையே பட்டில் நெய்து கொடுத்திருந்தார். அவர்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். உட்கார உட்கார மறைந்தார்கள். கொஞ்ச நேரத்தில் முன்வரிசையில் தலைகள் மட்டும் இருந்தன, தோடு மூக்குத்தியோடு. வீடியோக்காரப் பையன் விளக்கைத் தூக்கிப் பிடித்து, “மாமி, கொஞ்சம் எழுந்து நில்லுங்க, தலை மட்டும்தான் வருது” என்று கெஞ்சினான். ஒரு சித்தியின் மடியில் யாரோ தாம்பூலப் பைகளை அடுக்கிவிட்டுப் போனார்கள்.

ஜானு மாமி முன்வரிசை சோபாவில் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டார். அதிகாலையில் எழுந்தவர், பாவம். முந்தானை முகத்தில் சரிந்து கிடந்தது.

அப்போது மாப்பிள்ளையின் பெரியப்பா வந்தார். கனமான மனிதர். வாசலில் பன்னீர் பட்டதால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வந்தார். துடைத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

ஜானு மாமி கண் விழித்திருக்க வேண்டும். முந்தானை ஒரு தடவை அசைந்தது. ஆனால் அவர் கத்தவில்லை. காரணம், உட்கார்ந்தவர் அவருடைய கணவரின் அண்ணா. புகுந்த நாளிலிருந்து அந்த மச்சினர் முன்னால் ஜானு மாமி வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியதில்லையாம். அவர்கள் வீட்டு மரியாதை அப்படி. கை வைத்துத் தள்ளுவது அதைவிடக் குற்றம். ஆகவே அந்த அம்மாள் மூச்சை அடக்கிக்கொண்டு சோபாவாகவே இருந்தார்.

மேடையில் கச்சேரி தொடங்கியது. பெரியப்பா கைக்குக் காபி வந்தது. பெரியப்பா ரசிகர். சோபாவின் கைப்பிடி என்று நினைத்து ஜானு மாமியின் முழங்கையில் தாளம் போட்டார். “பேஷ், மெத்துனு இருக்கு. யாரு காண்ட்ராக்டர்?” என்று பக்கத்தில் கேட்டார். பக்கத்தில் இருந்ததும் ஒரு சித்திதான். திடீரென்று சோபாவிலிருந்து ஒரு தலை திரும்பியதும் பெரியப்பா உட்கார்ந்தபடியே துள்ளினார். கையிலிருந்த காபி சாய்ந்தது.

சுடச்சுடக் காபி விழுந்தால் மரியாதை நிற்காது. ஜானு மாமி கத்தினார்.

“ஜானு குரல் மாதிரி இருக்கே,” என்றார் பெரியப்பா, எழுந்திருக்காமல். “எங்கேர்ந்துடீம்மா பேசறாய்?”

“உங்களுக்குக் கீழேர்ந்துதான்,” என்றார் ஜானு மாமி. புகுந்த வீட்டில் அவர் மச்சினரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

சத்தம் கேட்டு சூடாமணி ஓடிவந்தார். சம்பந்தி எங்கே, சம்பந்தி எங்கே என்று அவருக்கு நேர் முன்னாலேயே நின்று கேட்டார். அப்புறம்தான் நாற்காலிகளைப் பார்த்தார். தன் மேல் இருந்த சேலையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

கல்யாணம் நிற்கவில்லை. நான் கெட்டவன் இல்லை, நிற்கவும் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். பெண் நன்றாக இருக்கிறாள். மாமியார் வீட்டில் மட்டும் இப்போது எல்லோரும் பாயில்தான் உட்காருகிறார்களாம். பட்டு வீணைச் சேலை மறுநாளே தேங்காய் பழத்தோடு திரும்பி வந்தது. வீடியோ கேசட்டைப் பிரதி எடுத்து அமெரிக்கா வரைக்கும் அனுப்பியிருந்தார்கள். அடுத்த மார்கழியில் ஒரு வீணைச் சேலைகூட வெளியே வரவில்லை. “மண்டபப் பொடவையா, ஐயோ வேண்டாம்டீ” என்று கேண்டீன் வாசலில் என் காதால் கேட்டேன்.

முன்னறை மூடிவிட்டது. சூடாமணி என்னைத் தேடி வந்தார். “யாரோ கண்ணு போட்டுட்டா அண்ணாச்சி” என்று அழுதார். ஊர் அப்படி இருக்கிறது அம்மா என்றேன். மிச்சச் சரக்கையெல்லாம் நானே எடுத்துக்கொண்டேன். இப்போது அந்த அம்மாள் என் கடை மூன்றாவது மாடியில் உட்கார்ந்து கலர் பார்த்துச் சொல்கிறார். வீணைக்குப் பதில் தம்புரா போட்டோம். மாமிகள் மாடிப்படியில் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். “நீங்க இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேனோ” என்று அடிக்கடி சொல்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. கூடப் பிறந்தவன்கூட இவ்வளவு செய்ய மாட்டான்.

வியாபாரப் போட்டியில் செய்தேன் என்று சிலர் நினைக்கலாம். அதனால் மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். அந்த மார்கழி கழிந்து வந்த பங்குனியில், அறுபத்து மூவர் திருவிழா அன்று சண்முகவடிவு ஒரு வீணைச் சேலை கட்டிக்கொண்டு படியிறங்கி வந்தாள். ரகசியமாகப் போய் வாங்கியிருக்கிறாள். “எப்படிங்க இருக்கு” என்று கேட்டாள். என் கடைச் சேலையை ஆயுசு முழுக்க உடுத்தியவள், ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை. நன்றாகத்தான் இருந்தது. அவள் அவ்வளவு அழகு என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. சாயம் போகும் என்று சொன்னேன்.

அவளுக்குத் தெரியாமல் எடுத்து ஈரோட்டுக்கு மாதிரியாகக் கொடுத்தது அந்தச் சேலையைத்தான். பட்டறைக்காரன் நாலாக வெட்டிவிட்டான். ஸ்ரீரஞ்சனி கல்யாணத்துக்குக் கட்ட அதைத் தேடித் தேடிக் கிடைக்காமல்தான் சண்முகவடிவு வேறு சேலையில் வந்தாள்.

“ஊரே சிரிச்சாலும் எனக்கென்ன, அது கெடச்சா நான் கட்டிக்கிடுவேன்” என்கிறாள் இப்போதும். வெள்ளிக்கிழமை தோறும் பீரோவைக் கவிழ்த்துப் போட்டுத் தேடுகிறாள். நானும் கடையை விட்டுச் சீக்கிரம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து தேடிக் கொடுக்கிறேன். மனைவி மேல் இவ்வளவு அக்கறை உள்ளவனை எங்கள் தெருவில் நான் பார்த்ததில்லை.