படகு திரும்பி வர்ற எடிஷன்

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் பஸ். முன் சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள்.

"பழைய எடிஷன்ல அவன் செத்துடுவான்டி. புதுசுல கட்டிக்கலாம்."

காதைத் தீட்டிக்கொண்டேன்.

"இன்னாடி சொல்ற?"

"இந்த ஜப்பான் லவ் கேம்தான். பழசுல, மீன் புடிக்கப் போனவன் புயல்ல போயிடுவான். புதுசுல திரும்பி வந்துடுவான். ஆனா பழசுதான் சூப்பரா இருக்குமாம்."

"எங்க நைனா கடல்ல இருக்காரு. காத்து வேற ஒரு மாதிரியா அடிக்குது. பழசு பேச்சே எடுக்காத, புதுசையே போடு."

சொல்லி முடிப்பதற்குள் அவள் போன் அடித்தது. கேட்டுவிட்டுக் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள்.

"நைனா கரைக்கு வந்துட்டாராம்."

கொஞ்ச தூரம் போனதும் அவளே தோழியை முழங்கையால் இடித்தாள்.

"ஏய், அந்தப் பழசையே போடுடி. நல்லா அழுவலாம்."