நீலமான பால்

சலவைக்காரரிடம் கோபித்துக்கொண்டு, என் வேட்டிக்கு நானே கஞ்சி போட்டேன். மறுநாள் அது என்னை உட்காரவே விடவில்லை. மயிலாப்பூரில், பால்காரரின் சைக்கிளுக்கு முன்னால் வரிசையில் தகரம் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றபோது, எதிர்வீட்டு வாசலிலிருந்து ஒரு குரல் கேட்டது.

“பால் நீலமாயிடுத்து!”

சொன்னவர் அந்த வீட்டு கெமிஸ்ட்ரி புரொபசர். ஒரு கையில் அப்போதுதான் பால் வாங்கிப்போன பாத்திரம், மறு கையில் டிங்சர் அயோடின் பாட்டில்.

“மாவு கலந்திருக்கே. ஸ்டார்ச் இருந்தாத்தான் அயோடின் நீலமாகும். இனிமே இந்தத் தெருப்பக்கம் வராதே.”

பால்காரர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். “இன்னா சார், என் கேன் இங்கியேதான் கீது. இதுல உன் மருந்த வுடு. நீலமாச்சின்னா நானே போய்க்கினே இருப்பேன். ஆவலேன்னா, இத்தினி பேர் முன்னால தப்புன்னு நீ சொல்லணும்.”

கேன் மூடியில் பாலை ஊற்றி நீட்டினார். புரொபசர் ஒரு சொட்டு விட்டார். நீலம் வரவில்லை.

உள்ளேயிருந்து அவர் மனைவி ஓடிவந்தாள். “ஐயையோ, இதுலயா பால் வாங்கினேள்? இப்பத்தானே கஞ்சி வடிச்சுக் கொட்டினேன்! அலம்பக்கூட இல்லை, பத்துப் பாத்திரம்னா!”

“இப்ப சொல்லு சார்” என்றார் பால்காரர், நகராமல்.

“தப்புதாம்ப்பா.”

வரிசையே சிரித்தது. பால்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எல்லோருக்கும் அளந்து ஊற்றினார். அவர் சைக்கிள் தெருமுனை திரும்பிய பிறகு, பக்கத்தில் நின்ற மாமி தன் சொம்புக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“மாவு இல்லேன்னு ருசுவாயிடுத்து. தண்ணி கலந்தா நீலமாகாதே!”