சந்தனம் பட்ட சாவி

கடவுச்சொல்லைச் சுவரில் எழுதிவைக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது ஐயா. விருத்தாசலத்தில் நான் வேலை பார்க்கும் செராமிக் கம்பெனியில், சூளையை இயக்கும் கம்ப்யூட்டருக்கு மேலேயே சாக்பீஸால் ‘பழமலை’ என்று எழுதியிருந்தார்கள். யாரோ அதைத் தட்டிச் சூட்டை ஏற்றிவிட, உள்ளே சுடுவதற்கு அடுக்கியிருந்த ஒரு சூளை பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் முழுவதும் வெடித்துப் போயின.

கடவுச்சொல்லை வாய் உளறும்; இரும்பு உளறாது. அதனால் சிப் பதித்த சாவி ஒன்று செய்தேன். காலை பத்தரைக்குச் சூளைக்கதவு தானாக மூடும், பதினொன்றுக்கு உள்ளே தீ தானாகப் பற்றும். நடுவில் நிறுத்தச் சாவி வேண்டும். மூன்று தடவை தப்பானால் சாவி செத்துவிடும். கேஸ் வால்வுக்கும் அதே பூட்டு. கதவோரம் அவசரத்துக்குச் சூளையை நிறுத்த ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது; யார் வேண்டுமானாலும் அழுத்தலாம் என்றால் அது என்ன பாதுகாப்பு? கழற்றிவிட்டேன்.

ஆயுத பூஜைக்கு மறுநாள், பத்தே முக்காலுக்கு, சூளை பார்க்கும் பானுமதி ஓடிவந்தாள்.

“சார், டோமினிக் அண்ணன் உள்ள அடுக்கிக்கிட்டு இருக்காரு. கதவு மூடிக்கிச்சு. சாவி மூணு வாட்டி போட்டும் எடுக்கல சார்.”

வாங்கிப் பார்த்தேன். சிப்பின் மேல் சந்தனம் காய்ந்து, நடுவில் குங்குமம்.

“எல்லா சாமானுக்கும் வச்சேங்க. சாவிக்கு மட்டும் வைக்காம வுட முடியுமா?”

எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஆறு மாத உழைப்பில் பொட்டு வைத்திருக்கிறாள்.

இரண்டாவது சாவி என் சட்டைப்பையில் இருந்தது. ஆனால் முதல் சாவி தொலைந்தால்தான் அதை எடுக்கலாம் என்று விதி எழுதியவனே நான். தொலையவில்லையே, கையில்தானே இருக்கிறது. ஒருமுறை இளகினால் நாளைக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். உள்ளேயிருந்து டோமினிக் தட்டினார். நல்ல மனிதர், தீபாவளிக்கு நாங்கள் கொடுக்கும் முறுக்குக்குக் கிறிஸ்துமஸ் கேக்கை மறக்காமல் கொடுத்தனுப்புவார். பதினொன்று அடித்தது. கொஞ்ச நேரத்தில் தட்டுவது நின்றது.

சாவி பையில் இருந்ததை நான் யாரிடமும் மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை.

பதினொன்றே காலுக்குக் கடப்பாரை போட்டுத் திறந்தார்கள். உடைந்தது கீல்தான் ஐயா. என் பூட்டு உடையவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.