மரியாதைக்குரிய பிணங்கள்

நேரத்துக்கு வந்தமர்ந்து, நேரம் கடந்து தொடங்கிய எங்களைப் பொறுத்தருளிய அவைத் தலைவர் பழனியப்பன் ஐயா அவர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்த பெருமக்களே! பார்த்தால் தூக்கம் கெடும் என்று தெரிந்தும் ஐந்து பாகங்களையும் அரங்குக்கு வந்து பார்த்த அன்னையரே! கிள்ளானிலிருந்து நெரிசலில் ஊர்ந்து, இந்தப் பிரிக்பீல்ட்ஸில் கார் நிறுத்த இடமின்றி மூன்று சுற்றுச் சுற்றி, வியர்வையோடு வந்திருக்கும் ரசிகத் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் இந்தச் சுகுமாறனின் பணிவான வணக்கம்.

'செம்பனைப் பிணங்கள்' படத்தின் ஐந்து பாகங்களையும் இயக்கிய குற்றவாளி நான்தான். என் பின்னால் சிவப்புத் துணி போர்த்தி நிற்கிறதே, அது ஆறாம் பாகத்தின் விளம்பரப் பலகை. அந்தத் துணியை விலக்கவும், ஒப்பந்தத்தில் கையெழுத்திடவும் என்னை அழைத்தார்கள். அதற்கு முன் கொஞ்சம் பேசச் சொன்னார்கள். பேசுகிறேன்.

முதல் பாகம் எப்படி இருந்தது? ஜெஞ்சாரோமில் எண்ணெய்க்குப் போட்ட ஒரு செம்பனைத் தோட்டம். பதினோரு நாள் படப்பிடிப்பு. செத்தவர்கள் எழுந்து வருவார்கள், கடிப்பார்கள், கடிபட்டவர்களும் எழுவார்கள். அவ்வளவுதான் கதை! அதில் ஒரு தாய். மகளை வீட்டுக்குள் தள்ளி, வெளியே நின்று கதவைப் பூட்டி, சாவியை ஜன்னல் வழியே உள்ளே எறிந்துவிட்டு, வருகிற கூட்டத்தை நோக்கித் திரும்பி நிற்பாள். வசனம் இல்லை. இசை இல்லை. அப்படியே சாவாள். அந்தத் தாயாக நடித்தவர், கிள்ளானில் பள்ளிச் சிற்றுண்டிச்சாலை நடத்தும் புஷ்பவல்லி அம்மா. அதற்கு முன்னும் அவர் நடித்ததில்லை; பின்னும் நடித்ததில்லை. படம் வெளியான அன்று அரங்கில் ஓர் அக்கா எழுந்து நின்று திரையைப் பார்த்துக் கத்தினார்: "பூட்டாதம்மா! நீயும் உள்ள போயிடு லா!" அது பயத்தின் குரலா, பாசத்தின் குரலா? இரண்டும்தான்.

படம் ஓடியது. ஓடியதும் புரவலர்கள் வந்தார்கள். இரண்டாம் பாகத்துக்குப் பணம் கொடுத்த, டத்தோ பட்டம் பெற்ற ஒரு பெரியவர், தாமும் ஸோம்பியாக நடக்க ஆசைப்பட்டார். ஒப்பனைக்காரர் மலர்விழி ரத்தச் சாயத்தோடு அவரிடம் போனார்.

"டத்தோ, சட்டையில கொஞ்சம் தெளிச்சுக்கலாமா?"

"வேணாம்லா, பாத்தேக் சட்டை புதுசு. மொகத்துல லேசா போடும்மா."

சரி என்றோம். நாயகன் கட்டையை ஓங்கிக்கொண்டு ஓடிவந்தான். வந்தவன் டத்தோவைக் கண்டதும் கட்டையைத் தாழ்த்தினான், ஒதுங்கி வழிவிட்டான். நான் என்ன செய்தேன்? "ஓகே, அருமை" என்றேன்!

மூன்றாம் பாகத்தில் ஒரு சங்கத்தின் செயலவையே வந்தது. பிணக்கூட்டம் புறப்பட வேண்டும். "தலைவர் முன்னாடி வாங்க சார், செயலாளர் அடுத்து, பொருளாளர் இந்தப் பக்கம்" என்று நானே நிற்கவைத்தேன். பதவி வரிசை பிசகாமல் நடந்துவந்த நடைப்பிணங்கள் வேறெங்காவது உண்டா? சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். நான்காம் பாகத்தில் இருபது பிணங்களில் பதினேழு புரவலர்கள்; தொடக்கூடாது. அடிக்க ஆளில்லாமல் நாயகன் ஓடிக்கொண்டே இருந்தான். ஐந்தாம் பாகத்தில் பிணங்களுக்குக் கல்யாண மண்டபத்தில் ஆட்டம். அரங்கில் யாரும் கத்தவில்லை. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பணிவு நல்லது. பந்தியில் நல்லது, பந்தலில் நல்லது, இந்த மேடையிலும் நல்லது. பிணத்துக்கு எதற்கையா பதவி? பயமுறுத்த வருகிறவனுக்கு எதற்கு முன்வரிசை? சாவு என்ன, ஆள் பார்த்தா வருகிறது? மேடையில் காட்ட வேண்டிய மரியாதையைக் கேமராவுக்கு முன்னால் காட்டினேன், படம் செத்தது. கேட்டவர்கள் மீது குறையில்லை. முடியாது என்று சொல்ல வாய் வராத என் மீதுதான் குறை.

யாரப்பா கடைசி வரிசையில்? "ஆறாவது வேணும்" என்கிறாயா? அதற்குத்தான் வருகிறேன், பொறு.

ஆறாம் பாகத்தின் கதையைத் தயாரிப்பாளர் வேலாயுதம் இதே தெருவில் ஒரு வாழையிலைக் கடையில் வைத்துச் சொன்னார். "அந்த அம்மா சாகவே இல்ல சார். செம்பனைக்குள்ள ஒளிஞ்சிருந்தாங்க. ரசிகருங்க கேக்குறாங்க, திரும்பக் கொண்டாந்துடுவோம்." எதிரே புஷ்பவல்லி அம்மா. "சரிங்க, நீங்க சொன்னா வரேன்" என்றார். வேலாயுதம் கைகழுவப் போனதும் அம்மா என்னிடம் மெல்லச் சொன்னார்:

"சார், இன்னமும் கேண்டீனுக்கு வர்ற அம்மாங்க என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுவுறாங்க. நான் சாகலன்னா, அவங்க அழுததுக்கு என்ன சார் அர்த்தம்? ஆனா உங்ககிட்ட எப்படி மாட்டேன்னு சொல்றது?"

எனக்கு இருக்கும் அதே நோய் அவருக்கும் இருந்தது. அன்றைக்கும் நான் மோரைக் குடித்துவிட்டுப் பேசாமல் வந்தேன். வெட்கமாக இருக்கிறது.

இன்று சொல்கிறேன். கதை என்னுடையது, என் கையெழுத்து இல்லாமல் ஆறாம் பாகம் இல்லை. அந்தக் கையெழுத்தை நான் போடப் போவதில்லை. இந்தத் துணியையும் விலக்கப் போவதில்லை. வேலாயுதம், உட்காருங்கள், ஒலிவாங்கியை விடுங்கள், முடித்துவிட்டேன். இதற்குப் பிறகு எனக்கு யாரும் படம் தராமல் போகலாம். போகட்டும்.

புஷ்பவல்லி அம்மா மூன்றாவது வரிசையில் இருக்கிறார். எழ வேண்டாம் அம்மா, அப்படியே உட்கார்ந்திருங்கள். நீங்கள் செத்தது செத்ததுதான். எங்கள் ஐந்து படங்களிலும் உண்மையாகச் செத்தவர் நீங்கள் ஒருவர்தான். அவையோரே, அந்தச் சாவுக்கு ஒருமுறை கைதட்டுங்கள்!

பொறுமையோடு கேட்டவர்களுக்கும், பாதியில் கோபித்துக்கொண்டு எழுந்துபோன இரண்டு புரவலர்களுக்கும் என் நன்றி. வணக்கம்.