எட்டு நாள் முந்திய பதிவு

காலையில் எழுந்ததும் யாராவது எதைப் பற்றியாவது குறை சொல்லி எழுதியிருப்பதைப் படிக்காவிட்டால் எனக்கு டீ தொண்டையில் இறங்காது. மிக்ஸி மூடி நிற்கவில்லை, செருப்பு மூன்றே வாரத்தில் வாயைப் பிளந்துவிட்டது என்று இணையக் கடைகளில் ஒற்றை நட்சத்திரம் போட்டு ஜனங்கள் திட்டுவார்கள் இல்லையா, அதையெல்லாம் வரி விடாமல் படிப்பேன். பொழுது போகாமல் இல்லை. என் தொழிலே அதுதான்.

இணையதளங்களுக்கான பெயர்களை வாங்கி விற்பவன் நான். டொமைன் என்பார்கள். முதலில் யார் பதிகிறாரோ அவருக்கே பெயர் சொந்தம். நாளைக்கு ஊரே தேடப்போகும் பெயரை இன்றைக்கே பதிந்து வைத்தால், வேண்டுகிறவன் என் வாசலுக்குத்தான் வந்தாக வேண்டும். அதற்கு மூக்கு வேண்டும். எந்தப் புதுச் சமாசாரமும் முதலில் ‘ஆட்கள் தேவை’ விளம்பரத்தில் தலைகாட்டும். பிறகு ரிப்பேர் கடைக்கு வரும். பிறகு புகாராக வரும். கடைசியில்தான் செய்தியாகும். செய்தியைப் பார்த்துவிட்டுப் பெயர் வாங்க ஓடுகிறவனைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் பதிந்த பெயர்களின் பட்டியலை என் முன்னால் வைத்து, தீப்பிடிப்பதற்கு எட்டு நாள் முன்பே இந்தப் பெயரை ஏன் பதிந்தாய் என்று போலீஸ்காரர்கள் நீங்கள் மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். தங்கச்சி வீடு எரிந்து, அவளுடைய எட்டு வயது மகள் பட்டாணி இறந்துபோயிருக்கிறாள். தாய்மாமன் நான் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வரிசையாகச் சொல்ல விடுங்கள், நடுவில் மேஜையைத் தட்டாதீர்கள்.

முதலில் மாப்பிள்ளை. தங்கச்சியின் புருஷன். நாலு பேர் கூடினால் அதில் ஒருவரைக் கேலி செய்யாமல் அவனுக்குச் சாப்பாடு செரிக்காது. எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பதிந்து முடிக்கும்வரை பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது, பெண்டாட்டியிடம்கூட. ஆறு வருஷத்துக்கு முன்பு ஒரு தடவை அதை மீறினேன். வயதானவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கூடவே உட்கார்ந்திருக்க ஆள் தேவை என்று விளம்பரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வர ஆரம்பித்திருந்தன. இது பெரிதாக வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அருமையான பெயரும் கிடைத்தது. அன்று மதியம் தங்கச்சி வீட்டில் சாப்பாடு. சந்தோஷத்தில் வாயை விட்டுவிட்டேன்.

மாப்பிள்ளை சிரித்தான். சிரித்ததோடு விட்டானா. கையைக்கூடக் கழுவாமல் ஆபீஸ் ஆட்களுக்குப் போன் போட்டு, “எங்க மச்சான் கிழவங்களுக்கு வாடகைக்கு ஆள் விடுறதுக்குப் பேரு கண்டுபிடிச்சிருக்காரு, கேளுங்கடா” என்று பெயரையும் சேர்த்துச் சொன்னான். நான் வீட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டரைத் திறப்பதற்குள் எவனோ பதிந்துவிட்டான். இரண்டு வருஷத்தில் அந்தப் பெயர் ஒவ்வொரு பஸ்ஸின் பக்கவாட்டிலும் ஓடியது. ரோட்டில் நின்று பார்த்தேன். வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

மன்னிப்பு கேட்டானா? அதுதான் இல்லை. எனக்குத் ‘தீர்க்கதரிசி’ என்று பட்டம் வைத்தான். “வாங்க தீர்க்கதரிசி, இன்னைக்கு மழை வருமா?” என்பான். கொஞ்சம் வளர்ந்ததும் பட்டாணியும் பழகிக்கொண்டாள். கதவைத் திறந்ததும், “அம்மா, தீர்க்கதரிசி மாமா வந்திருக்கு” என்று கத்திவிட்டு ஓடுவாள். சின்னப் பிள்ளை. நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன வருஷம் ஒரு பேட்டரி ஸ்கூட்டர் வந்தது. பேட்டரியைத் தனியாகக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சார்ஜ் போடலாம். மூன்றே மாதத்தில் புகார்கள் வந்தன. நான் எண்ணினேன், முப்பத்தொன்று. சூடாகிறது, பெட்டி உப்புகிறது, பழம் அழுகினாற்போல் இனிப்பாக ஒரு வாசனை. மெக்கானிக் ஒருவரிடம் சும்மா பேச்சுக் கொடுத்தேன். “சார், இந்த மாடல் பக்கமே போயிடாதீங்க. மூணு வந்துச்சு, மூணும் உப்பிப்போச்சு. ஒண்ணு என் கண் முன்னாடியே பத்திக்கிச்சு” என்றார். அன்றே ஆறு பெயர்கள் பதிந்தேன். பேட்டரி தீ, பேட்டரி வழக்கு, அந்த மாதிரி. உங்கள் பட்டியலில் முதல் ஆறும் அவைதான். நஷ்டஈடு கேட்க வக்கீல்கள் கிளம்புவார்கள், அவர்களுக்கு ஆகும். அதில் ஒரு குற்றமும் இல்லை.

எச்சரித்திருக்கலாமே என்கிறீர்கள். எச்சரித்தால் கம்பெனி வண்டிகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளும், விஷயம் அதோடு முடிந்துவிடும். பிறகு அந்தப் பெயர்களைத் தேட எவன் வருவான்?

அடுத்த மாதம் மாப்பிள்ளை அதே வண்டியை வாங்கி வந்து நிறுத்தினான். வாங்கும் முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாங்கிய பிறகு மட்டும், “என்ன மச்சான், எதிர்காலம் நம்ம வாசல்லயே வந்து நிக்குது பாத்தீங்களா” என்றான். நல்ல வண்டி மாப்பிள்ளை என்றேன். அவனுக்கு இரவு வேலை. காலையில் வந்ததும் பேட்டரியைச் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுத்துவிடுவான். மூன்றாவது மாடி, வீட்டுக்கு ஒரே வாசல், செருப்பு அலமாரி அந்த வாசலில்தான் இருந்தது. எல்லாம் எனக்குத் தெரியும்.

ஒரு புதன்கிழமை காலை தங்கச்சி போன் பண்ணினாள்.

“அண்ணா, அந்த பேட்டரி கொஞ்சம் உப்புன மாதிரி இருக்குண்ணா. ஏதோ இனிப்பா வாசனை வேற வருது. அவரைக் கேட்டா சிரிக்கிறாரு. உனக்குத்தான் இதெல்லாம் தெரியும். பயப்படணுமா?”

“புதுசுல அப்படித்தாம்மா இருக்கும். பத்து நாள்ல சரியாயிடும்.”

“நீ சொல்லிட்டா சரிண்ணா. இப்பதான் நிம்மதியா இருக்கு.”

எழுதிக்கொள்ளுங்கள், ஒரு எழுத்துக்கூட மாற்றிச் சொல்லவில்லை. என் கோபம் முழுக்க மாப்பிள்ளை மேல்தான். பகலில் வீட்டில் அவன் ஒருவன்தான் இருப்பான். தங்கச்சி வேலைக்குப் போய்விடுவாள், பட்டாணி பள்ளிக்கூடம் போய்விடுவாள். அடுத்த வியாழக்கிழமை ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்று பள்ளிக்கு லீவு விட்டுவிட்டார்கள். அதை நான் எப்படிக் கண்டேன்? பதினோரு மணிக்குப் பற்றிக்கொண்டது. மாப்பிள்ளை பால்கனிக் குழாயைப் பிடித்து இறங்கி ஆள் கூப்பிட ஓடினானாம். இரண்டு கையும் வெந்துபோய் உயிரோடு இருக்கிறான். பட்டாணி வாசல் பக்கம் இருந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் தங்கச்சி என் தோளில் சாய்ந்து, “நான் உன்கிட்ட கேட்டேனேண்ணா” என்றாள். அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசுவதே இல்லை.

மாப்பிள்ளையைத்தான் நினைத்தேன் என்று இப்போது சொன்னேன் இல்லையா. இத்தனை நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் அதையேதான். நீங்கள் விரலை வைத்துக்கொண்டிருக்கும் அந்த ஏழாவது பெயர், தங்கச்சி போனை வைத்த இருபதாவது நிமிடம் பதிந்தது. ‘பட்டாணிக்கு நீதி’. மாப்பிள்ளை பெயரில் ஏன் பதியவில்லை என்று கேட்க உங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவன் பெயரைத் தாளில் எழுதிக்கூடப் பார்த்தேன் சார். நாற்பது வயது ஆம்பிளைக்கு நீதி கேட்டு ஜனங்கள் நாலு நாள்கூடத் தேட மாட்டார்கள். குழந்தை என்றால் வருஷக்கணக்கில் தேடுவார்கள்.