‘ஒருமனதாக’ என்ற சொல்லை அடித்தெழுதிய அம்மையாருக்கு

ஓடைக்கு அக்கரையில் ரோமா இன மக்களின் குடியிருப்பில் பிறந்து, இக்கரையில் அரசு அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் அமர்ந்து, அதட்டலுக்கு அஞ்சாமலும் ஆசை வார்த்தைக்கு அசையாமலும் அரும்பணி ஆற்றிய அம்மையாரே, யெல்ஷோவனி நகராட்சியின் ரோமா நல்லிணைப்பு அலுவலர் திருமதி யொலானா மிஷிகாரோவா அவர்களே! பணி நிறைவு பெறும் இந்நாளில், உடன் பணியாற்றிய நாங்கள் தங்கள் முன்னிலையில் படிக்கும் மடல் இது.

இத்தகைய மடல்களில் பொறுமையைப் புகழ்வது வழக்கம். தங்களிடம் அது அதிகம் இருந்ததில்லை. ஆகவே பிடிவாதத்தைப் புகழ்கிறோம்.

அரசுத் தரப்பில் ஆறு பேரும் ரோமா அமைப்புகளின் தரப்பில் ஆறு பேரும் அமரும் கூட்டுக்குழுவுக்குத் தாங்களே செயலாளர். அமைப்புகளின் ஆறு நாற்காலிகளை நிரப்பவே தாங்கள் பட்டபாடு பெரிது. அக்கரை இளைஞர்கள் தங்களை ‘ஆபீஸ் அத்தை’ என்று கேலி செய்து கூட்டத்துக்கு வர மறுத்தார்கள். தாங்கள் அவர்கள் வாசலுக்கே போய், “வெளியில நின்னு திட்டுனா காத்துக்குத்தான் கேக்கும். உள்ள வந்து திட்டுங்கடா, எழுதிக்கிறேன்” என்றீர்கள். வந்தார்கள், திட்டினார்கள். தாங்கள் ஒரு வசவையும் விடாமல் எழுதிக்கொண்டீர்கள்.

பத்தாண்டுகளுக்கு முந்தைய அந்தப் பிப்ரவரிக் கூட்டத்தை இங்கே சொல்லாமல் விட முடியாது. அக்கரையின் நாற்பத்து மூன்று வீடுகளுக்கும் குடிநீர்க் குழாய் என்று இரு தரப்பும் ஓராண்டு பேசி எழுதிய திட்டம், இறுதி வரைவில் ‘தூய்மை விழிப்புணர்வு முகாம்’ என்று மாறி வந்திருந்தது. ‘அமைப்புகள் ஒருமனதாக ஏற்றுக்கொண்டன’ என்ற கூட்டக் குறிப்பும் கூட்டம் தொடங்கும் முன்பே தட்டச்சாகி மேசையில் இருந்தது. மகளிர் அமைப்பின் தலைவி மர்கிதா புல்கோவா அதைப் படித்துவிட்டுச் சொன்னார்: “கை கழுவச் சொல்லித்தர வர்றீங்களா? தண்ணிய அனுப்புங்க, கழுவுறத நாங்க பாத்துக்குறோம்.”

அன்றைய துணைமேயர் தங்கள் பக்கம் குனிந்து, “உங்க ஆளுங்கதானேம்மா, நீ சொன்னா கேட்டுப்பாங்க” என்றார்.

“கேட்டுப்பாங்க ஐயா. அதனாலதான் சொல்ல மாட்டேன்” என்றீர்கள்.

பிறகு பேனாவை எடுத்து ‘ஒருமனதாக’ என்ற சொல்லை அடித்து, யார் என்ன சொன்னார் என்பதை அதன் கீழே எழுதி, உரக்கப் படித்தீர்கள். அமைப்புகளின் ஆறு பேரும் அதில் கையொப்பமிட்டார்கள். அரசுத் தரப்பில் ஒருவரும் இடவில்லை. அந்த அரசுத் தரப்பு ஆறு பேரில் இருவர் இன்று இம்மடலைப் படிப்பவர்களிடையே நிற்கிறோம். மேசையில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தோம் என்பதை இவ்வளவு பேர் முன்னால் ஒப்புக்கொள்கிறோம்.

மறுவாரமே தங்களை நிலவறை ஆவணக் கிடங்குக்கு மாற்றினார்கள். பதினான்கு மாதங்கள். சூடேற்றி இல்லாத அறையில் தாங்கள் கோட்டைக் கழற்றாமல் வேலை செய்தீர்கள். எங்களில் சிலர் காப்பி கொண்டு வந்தோம், பலர் படிக்கட்டுப் பக்கமே வரவில்லை. ‘சும்மா கையெழுத்துப் போட்டிருக்கலாமே’ என்று அக்கரையிலும் பேசினார்கள். அது தங்களை வாட்டியது என்பதை அறிவோம்.

ஆனால் அமைப்புகளின் ஒப்புதல் இல்லாத திட்டத்துக்கு நிதி கிடையாது என்று தலைநகரிலிருந்து அமைச்சகம் கோப்பைத் திருப்பி அனுப்பியது. அதே மேசையைச் சுற்றி அதே பன்னிரண்டு பேரும் மறுபடி அமர வேண்டி வந்தது. செயலாளராகத் தங்களையே அழைக்க வேண்டும் என்று அமைப்புகள் அடம்பிடித்தன. அடுத்த கோடையில் நாற்பத்து மூன்று வீடுகளிலும் குழாய் திறந்தது. திறப்பு விழா மேடையில் தங்களுக்கு இடம் தரவில்லை. தாங்கள் மர்கிதாவின் அடுக்களையில் நின்று பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தீர்கள்.

அம்மையாரே, தங்கள் ஓய்வோடு இப்பதவியும் நீங்குகிறது என்றும், நல்லிணைப்புப் பணி நிறைவுற்றது என்றும் சென்ற வாரம் சுற்றறிக்கை வந்தது. அக்கரையில் கழிவுநீர் இன்னும் வாசலில் ஓடுகிறது. ரோமா பிள்ளைகள் இன்னும் பள்ளியின் பின்கட்டு வகுப்பில் தனியாக அமர்கிறார்கள். நிறைவுற்றது தங்கள் பணிக்காலம் மட்டுமே. பதவியை நீக்கக் கூடாது என்ற எங்கள் மறுப்புக் கடிதத்தை இன்று காலை மேயரிடம் நேரில் கொடுத்தோம். வாங்கியதற்கு முத்திரை போட்டுத் தரும்வரை அங்கிருந்து நகரவில்லை.

தாங்கள் நோயின்றி நெடுங்காலம் வாழ்க. முழங்கால் வலி தீர்க. காலையில் விரும்பிய நேரம்வரை உறங்குக. பதவி நீங்காது, அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நகராட்சி ஊழியர்கள் ஒன்பது பேர்,
ரோமா அமைப்புகள் ஐந்து,
ஒரே தாளில்.